ஊசியும் உள்ளமும்

மனிதன் பிறருடைய முகத்தை நேரே காண்கிறான்; தன் முகத்தை மட்டும் அவன் ஒருபோதும் நேரே கண்டதில்லை. கண்ணாடியிலும், நிழற்படத்திலும், பிறருடைய பார்வையிலுமே அவன் தன்னைக் காணவேண்டியவனாயிருக்கிறான். அமெரிக்க நாட்டுச் சமூகவியலறிஞரான சாள்ஸ் கூலி என்பவர் 1902ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இவ்வுண்மையை நன்கு விளக்கினார். பிறர் கண்ணுக்குத் தான் எவ்வாறு தோன்றுகிறான் என்பதை மனிதன் கற்பனை செய்கிறான். அத்தோற்றத்தைப் பற்றி அவர்கள் என்ன எண்ணுகிறார்கள் என்பதையும் கற்பனை செய்கிறான். பின்னர் அக்கற்பனைக்கேற்பப் பெருமையோ நாணமோ கொள்கிறான் என்பது அவர் கருத்து. ஆகவே, முகத்தைப் பற்றிய கவலை தோலைப் பற்றிய கவலை மட்டுமன்று. அது பிறர் மதிப்பைப் பற்றிய கவலையுமாகும்.

இக்காலத்தில் இக்கவலைக்கு ஊசிமருந்து ஒரு பரிகாரமாக விற்கப்படுகிறது. நெற்றிச் சுருக்கம் மறைவதற்கும், ஒட்டிய கன்னம் நிரம்புவதற்கும், மெல்லிய உதடு பருப்பதற்கும் ஆண்டுதோறும் உலகெங்கும் இலட்சக்கணக்கான பெண்கள் முகத்தில் ஊசி ஏற்றிக்கொள்கின்றனர். ஆண்களும் இதனைச் செய்கின்றனர் எனினும், பெரும்பாலோர் பெண்களே. இப்பெண்களைப் பற்றி இருவகையான தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. வீண் ஆடம்பரம் என்று ஒரு சாரார் நகைக்கின்றனர். ஊசியினாற் புதிய தன்னம்பிக்கையும் புதிய வாழ்வும் கிடைக்கும் என்று விளம்பரக்காரர் முழங்குகின்றனர். இவ்விரு தீர்ப்புகளும் அப்பெண்களின் உள்ளத்தை உசாவாமலே கூறப்படுவன. உண்மையில் அவர்களின் மனநலத்துக்கு இந்த ஊசி என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பதே ஆராயத்தக்கது.

இவ்வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் இருந்த சத்திரவைத்தியர் றொபேட் கெர்சூனி என்பவர் 1899ஆம் ஆண்டில், உருக்கிய பரபின் வகையை ஊசிமூலம் உடலிற் செலுத்தி, குறைவுபட்ட இடத்தை நிரப்பலாம் எனக் காட்டினார். உள்ளே சென்றதும் அது இறுகி, இழந்த உருவத்தைத் தரும் என்பது அவர் எதிர்பார்ப்பு. நோயினால் மூக்கெலும்பு அமிழ்ந்தவர்களுக்கு இது பெரியதோர் ஆறுதலாகத் தோன்றியது. விரைவில் நோயில்லாதவரும் இதனை நாடத் தொடங்கினர்.

அவ்வாறு நாடியவர்களுள் ஒருத்தி கிளாடிஸ் டீக்கன் என்னும் அமெரிக்கப் பெண். 1881ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரிற் பிறந்த அவள், தன் காலத்துப் பேரழகிகளுள் ஒருத்தியென ஐரோப்பா முழுவதும் புகழப்பட்டவள். அறிவிலும் கல்வியிலும் சிறந்தவள். எனினும், பழைய கிரேக்கச் சிலைகளிற் காணப்படுவதுபோல நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை ஒரே நேர்கோடாக அமையவேண்டும் என்னும் எண்ணம் அவளைப் பற்றிக்கொண்டது. இருபது வயதைச் சிறிது கடந்த பருவத்தில், மூக்கின் மேற்பகுதியில் அவள் பரபின் ஏற்றுவித்தாள். நாளடைவில் அம்மெழுகு இடம்பெயர்ந்து கீழிறங்கி, முகவாய்ப் பக்கத்திற் கட்டிகளாய்த் திரண்டது. 1921ஆம் ஆண்டில் அவள் மார்ல்பரோக் கோமகனை மணந்து, பிளெனிம் மாளிகையின் தலைவியானாள். அம்மாளிகை வாயிலின் கூரையில் அவளுடைய நீலக் கண்கள் ஓவியமாகத் தீட்டப்பட்டன. இன்றும் அங்கே செல்வோர் அவற்றைக் காணலாம். மணவாழ்க்கை முறிந்தது. பிற்காலத்தில் அவள் பிறர் கண்ணிற் படாது ஒதுங்கி வாழ்ந்து, இறுதிப் பதினைந்து ஆண்டுகளை மனநோயாளர் வைத்தியசாலையொன்றிற் கழித்து, 1977ஆம் ஆண்டில் 96ஆம் வயதிற் காலமானாள்.

இத்துயரம் அனைத்துக்கும் அந்த மெழுகே காரணம் எனக் கூறுவது நியாயமாகாது. மனித வாழ்வின் துன்பங்கள் ஒரே வேரிலிருந்து முளைப்பனவல்ல. ஆயினும் அவள் கதையில் ஓர் உண்மை தெளிவாகத் தெரிகிறது. உலகமே அழகியென்று போற்றிய பெண்ணுக்கு அப்போற்றுதல் போதவில்லை. பிறர் கண்ட முகம் வேறு. அவள் கண்ணாடியிற் கண்ட முகம் வேறு. மருந்து ஏற்றப்பட்ட இடம் மூக்கு. குறை இருந்த இடமோ மூக்கன்று.

இன்று வழங்கும் ஊசிகள் பரபினைவிட எத்தனையோ மடங்கு பாதுகாப்பானவை என்பதை மறுக்கவியலாது. அவற்றுட் பெரிதும் பயன்படுவது பொட்டுலினம் என்னும் நஞ்சு. கெட்டுப்போன இறைச்சியுணவினால் மக்கள் கைகால் சோர்ந்து இறப்பதைக் கண்ட ஜேர்மானிய வைத்தியரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கேர்னர், 1820ஆம் ஆண்டையடுத்து இந்நஞ்சின் குணங்களை விவரித்தார். பெல்ஜிய நாட்டில் 1895ஆம் ஆண்டில் ஒரு மரணச் சடங்கின்போது பன்றியிறைச்சி உண்டு பலர் நோயுற, வான் ஏர்மெங்கெம் என்னும் அறிஞர் இந்நஞ்சைத் தோற்றுவிக்கும் கிருமியைக் கண்டறிந்தார். நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையை இந்நஞ்சு தடுத்துவிடுகிறது. மிகச் சிறிய அளவிற் குறித்த தசையொன்றில் மட்டும் ஏற்றினால் அத்தசை மட்டும் சில மாதங்களுக்கு ஓய்ந்திருக்கும். சான் பிரான்சிஸ்கோ நகரக் கண்வைத்தியர் அலன் ஸ்கொட் இவ்வியல்பைப் பயன்படுத்தி மாறுகண்ணைத் திருத்த முனைந்தார். 1989ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் மாறுகண்ணுக்கும், கண்ணிமைத் துடிப்பு நோய்க்கும் இதனை மருந்தாக அங்கீகரித்தது.

நோய்க்கு மருந்தாயிருந்தது அழகுக்கு மருந்தான விதமும் அறியத்தக்கது. கனடாவின் வான்கூவர் நகரில், ஜீன் கரதர்ஸ் என்னும் கண்வைத்தியரிடம் இமைத்துடிப்புக்காக ஊசி பெற்றுவந்த பெண்ணொருத்தி, புருவங்களுக்கிடையிலும் ஊசி ஏற்றும்படி வற்புறுத்தினாள். அவ்விடத்தில் ஏற்றும்போதெல்லாம் தன் முகம் கவலை நீங்கிய முகமாய் விளங்குகிறது என்பதே அவள் கூறிய காரணம். ஜீன் அம்மையாரும், தோல்நோய் வைத்தியரான அவர் கணவர் அலெஸ்டரும் இதனை ஆராய்ந்து 1992ஆம் ஆண்டிற் கட்டுரை வெளியிட்டனர். புருவநடுச் சுருக்கத்துக்கு அமெரிக்க அரசாங்கத்தின் அங்கீகாரம் 2002ஆம் ஆண்டிற் கிடைத்தது. அடுத்த ஆண்டில், உடலில் இயற்கையாகவே உள்ள ஹயலூரோனிக் அமிலத்தாலான நிரப்பு மருந்தும் அங்கீகாரம் பெற்றது.

வான்கூவர்ப் பெண்ணின் சொல் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. தன்னை இளமையாக்கும்படி அவள் கேட்கவில்லை; கவலையற்றவளாகத் தோன்ற விரும்பினாள். ஊசியை நாடும் பெண்கள் பலர் இன்றும் இதனையே கூறுகின்றனர். கோபமில்லாத வேளையிலும் கோபக்காரிபோலத் தோன்றுகிறது என்கிறாள் ஒருத்தி. நன்றாக உறங்கியெழுந்தாலும், உடம்புக்கு என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள் என்கிறாள் மற்றொருத்தி. நோயினாற் கன்னம் வற்றியவர்களும், முகவாதத்தால் ஒருபுறம் கோணியவர்களும் இவர்களுள் உளர். உள்ளே உள்ள மனத்துக்கும் வெளியே தெரியும் முகத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நீக்கிக்கொள்வதே இவர்கள் நோக்கம். இதனை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது.

வேறொரு காரணமும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்ராக் 1972ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், முதுமையை அளக்கச் சமூகம் இரண்டு கோல்களை வைத்திருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். ஆணின் நரை அனுபவத்தின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. பெண்ணின் நரையோ இழப்பின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. இந்த அநீதி நிலவும் உலகில், உத்தியோகத்தையும் மதிப்பையும் காத்துக்கொள்ள ஒரு பெண் ஊசியை நாடினால், குற்றம் முழுவதையும் அவள் தலையிற் சுமத்துவது முறையா? அளவுகோலைச் செய்தவர்கள் வேறு, அளக்கப்படுபவள் அவள்.

இனி, ஊசி ஏற்றியபின் அவர்கள் மனம் எவ்வாறிருக்கிறது என்பதை நோக்குவோம். எதிர்பார்ப்பு அளவாக இருந்தவர்களுட் பெரும்பாலோர் திருப்தி அடைகின்றனர். குறித்த சுருக்கம் மறைந்தது; அது போதும் என்று தம் அலுவலைக் கவனிக்கச் செல்கின்றனர். ஆனால் இத்திருப்தி தோற்றத்தைப் பற்றியது. வாழ்வின் ஏனைய துறைகளில், குடும்ப உறவிலும், தொழிலிலும், தன்மதிப்பிலும் பெரிய மாறுதல் நிகழும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

முகத்தின் அசைவே மனத்தை மாற்றும் என்னும் கருத்து ஒன்றுண்டு. உணர்ச்சியை வெளிப்படையாகக் காட்டினால் அது வலுப்பெறும், அடக்கினால் அது தணியும் என்று டார்வின் 1872ஆம் ஆண்டில் எழுதினார். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம்மவர் பழமொழி. முகத்தின் நிலையும் அகத்துக்குச் செல்லும் என்பது டார்வின் வழிவந்தோர் கூறும் மறுபாதி. இதனைச் சோதிக்க விரும்பிய ஜேர்மானிய, சுவிற்சர்லாந்து வைத்தியர்கள், நெடுநாள் மனச்சோர்வு நோயால் வருந்திய 30 பேரைத் தெரிந்தெடுத்து, ஒரு பகுதியினருக்குப் புருவநடுவில் மருந்தையும், மறுபகுதியினருக்கு வெறும் உப்புநீரையும் ஏற்றினர். ஆறு வாரங்களின் பின் மருந்து பெற்றோரின் நோய்க்குறிகள் சராசரி 47 சதவீதமும், மற்றவர்களின் குறிகள் 9 சதவீதமும் குறைந்திருந்தன. இம்முடிவு 2012ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இச்செய்தியைக் கேட்டு, மனச்சோர்வுக்கு அழகூசியே மருந்து என முடிவுகட்டுவது அவசரமாகும். சோதனைக்குள்ளானோர் தொகை சிறிது. அன்றியும், மருந்தா நீரா என்பதை நோயாளர் கண்ணாடியைப் பார்த்தே ஊகித்துவிடலாம். நம்பிக்கையால் விளைந்த பயன் எவ்வளவு, மருந்தால் விளைந்த பயன் எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று. மனச்சோர்வுக்குரிய மருந்தாக அமெரிக்க அரசாங்கம் இதனை இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. மறுபுறத்தில், 2011ஆம் ஆண்டில் நீல், சார்ட்ராண்ட் என்னும் உளநூலறிஞர் இருவர், இந்நஞ்சு ஏற்றப்பட்டவர்கள் பிறருடைய கண்களைக் கொண்டு அவர்தம் உணர்ச்சியை ஊகிப்பதிற் சிறிது பின்தங்கினர் என அறிவித்தனர். பிறர் முகத்தைப் பார்க்கும்போது நம் முகமும் அறியாமலே அதனைப் பின்பற்றுகிறது; பின்பற்ற முடியாத முகம் உணர்வதிலும் சிறிது தாமதிக்கிறது என்பது அவர்கள் கொண்ட விளக்கம். இதுவும் முடிந்த முடிபன்று. சுருக்கம் என்பது வெறும் மடிப்பன்று, மனிதர் ஒருவரோடொருவர் பேசும் மொழியின் ஓரெழுத்து என்பதை மட்டும் இவ்வாராய்ச்சிகள் நினைவூட்டுகின்றன.

இனி மிகுந்த கவனத்துக்குரிய கூட்டத்தாரைப் பற்றிக் கூறவேண்டும். இத்தாலிய மனநோய் வைத்தியர் என்றிக்கோ மொர்செல்லி 1891ஆம் ஆண்டில் ஒரு நோயை விவரித்தார். அந்நோயுற்றவர், பிறர் கண்ணுக்குத் தெரியாத அல்லது மிக அற்பமான ஒரு குறையைத் தம் உடலிற் கண்டு, அதனையே நாள்முழுதும் எண்ணி வருந்துவர். பலமுறை கண்ணாடி பார்ப்பர். அல்லது கண்ணாடியையே அஞ்சி விலக்குவர். முகத்தை மறைப்பர், கலியாண வீட்டுக்கும் வேலைக்கும் செல்லத் தயங்குவர், சிலர் உயிரையே வெறுக்கும் நிலையை அடைவர். பொதுமக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய இருவருக்கு இந்நோய் உண்டு என்பர். அழகு வைத்திய நிலையங்களுக்கு வருவோரிடையே இதன் விகிதம் அதனிலும் பன்மடங்காகும்.

இவர்களுக்கு ஊசி பயன் தருவதில்லை. மூக்குக் கவலை தீர்ந்தால் உதட்டுக் கவலை பிறக்கும். அதுவும் தீர்ந்தால், முன்னைய வைத்தியர் கெடுத்துவிட்டார் என்னும் கவலை பிறக்கும். நஞ்சூசியின் பயன் மூன்று நான்கு மாதங்களே நிற்பதால், ஒவ்வொரு பருவமும் புதிய ஐயத்தோடு கண்ணாடி முன் நிற்கும் வாய்ப்பை அது தந்துகொண்டேயிருக்கும். நிரப்பு மருந்து தவறி இரத்தக் குழாயிற் புகுந்தால் தோல் அழியவும், அரிதாகக் கண்பார்வை போகவும் கூடும்; அவ்வபாயத்தைக்கூட இவர்கள் பொருட்படுத்துவதில்லை. நியூயோர்க் நகரில் முகத்தைத் திருத்தும் சத்திரவைத்தியராயிருந்த மக்ஸ்வெல் மோல்ட்ஸ், 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், முகம் திருந்தியபின்னும் தம்மை அழகற்றவராகவே கருதிய நோயாளரைப் பற்றி எழுதினார். முகத்தை மாற்றும் தொழில் செய்தவரே, மனத்தில் உள்ள தன்னுருவம் மாறாவிடின் முகம் மாறியும் பயனில்லை என்னும் முடிவுக்கு வந்தது சிந்திக்கத்தக்கது.

இந்நோய்க்கு மருந்து இல்லாமலில்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாகத் திருத்தும் உளவைத்திய முறையும், மனநோய் வைத்தியர் தரும் சில மருந்துகளும் பலருக்கு நற்பயன் அளிக்கின்றன. ஆனால் நோயாளி தம் குறை தோலில் உள்ளது என்றே நம்புவதால், மனநோய் வைத்தியரிடம் செல்லாது அழகு நிலையத்துக்கே செல்கின்றனர். அங்கே ஊசியோடு நிற்பவர் அறிவும் நேர்மையும் உடையவராயின் இன்றைக்கு ஊசி வேண்டாம் என்று சொல்லி, தக்கவரிடம் அனுப்புவார். இல்லையாயின் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ஊசியை ஏற்றுவார். ஒரு பெண்ணின் வாழ்வு அந்த ஒரு நிமிடத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவர் கையிலிருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதோருக்கு அழகுக்காக இவ்வூசிகளை ஏற்றுவதை இங்கிலாந்து 2021ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலிருந்து சட்டத்தால் தடுத்திருப்பதற்கும் இதுவே காரணம். வளர்ந்துவரும் பிள்ளை தன் முகத்தோடு பழகிக்கொள்ளக் காலம் வேண்டும்.

அவ்வாறாயின், ஊசி ஏற்ற எண்ணும் பெண் தன்னைத் தானே எவ்வாறு சோதித்துக்கொள்வது? மூன்று வினாக்கள் உதவும். இந்த எண்ணம் எவருடையது என்பது முதலாவது. தன் விருப்பமா, அல்லது கணவனோ தோழியோ தொழில்தருபவரோ கூறிய சொல்லின் காயமா என்று அவள் ஆராயவேண்டும். இக்குறையைப் பற்றி ஒரு நாளில் எவ்வளவு நேரம் எண்ணுகிறாள் என்பது இரண்டாவது. இடையிடையே தோன்றி மறையும் எண்ணமாயின் கவலையில்லை; மணிக்கணக்காக மனத்தை ஆட்கொள்ளுமாயின் முதலில் வேண்டியது மனத்துக்கு வைத்தியம். ஊசி ஏற்றியபின் என்ன மாறும் என எதிர்பார்க்கிறாள் என்பது மூன்றாவது. நெற்றிக்கோடு மறையும் என்பவளுக்கு ஏமாற்றம் இராது. பிரிந்த கணவன் திரும்புவான், தனிமை தீரும், போன காலம் மீளும் என்பவளுக்கு எந்த ஊசியும் உதவாது.

இவ்வினாக்கள் பெண்ணுக்கு மட்டும் உரியனவல்ல. அவளைச் சூழ்ந்திருப்போருக்கும் இதிற் பங்குண்டு. நம்மவர் வீடுகளில் நெடுநாட் காணாத உறவினரை வரவேற்கும் முதல் வார்த்தை என்ன? “என்ன பிள்ளை, இப்படி வாடிப்போனாய்?” என்று மாமி கேட்கிறாள். “முந்திய நிறம் எங்கே?” என்று பெரியம்மா கேட்கிறாள். அன்பினாற் கேட்பவைதாம், எனினும் கேட்கப்பட்டவள் அன்றிரவு கண்ணாடி முன் நின்று தன் முகத்தைத் தேடுகிறாள். பெண்பார்க்கும் சடங்கிலும், வகுப்பறையிலும், அலுவலகத்திலும் சிறுகச் சிறுகச் சொல்லப்படும் இச்சொற்களும் ஊசிகளே. அவற்றை ஏற்றுவதற்கு வைத்தியப் பட்டம் வேண்டியதில்லை. அவற்றின் பயனோ மூன்று மாதங்களில் தீர்ந்துவிடுவதுமில்லை.

ஏளனமும் இதே தீங்கைச் செய்கிறது. ஊசி ஏற்றியவளைக் கண்டு நகைக்கும் ஊரில், அவள் அதனை ஒளித்தே செய்வாள். ஒளித்துச் செய்பவள் தகுதியற்றவரிடம் மலிவான ஊசியை நாடுவாள். வீக்கமோ வலியோ கண்டால் வைத்தியசாலைக்குச் செல்ல வெட்கப்படுவாள். மனம் நொந்தால் அதனைச் சொல்வதற்கும் ஆளின்றித் தவிப்பாள். தாயிடமோ தமக்கையிடமோ வெளிப்படையாகப் பேசக்கூடிய வீட்டுப் பெண், ஊசி ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும், தன் முடிவை அமைதியோடு எடுப்பாள்.

நேயர்களே, ஊசி செய்யக்கூடியது இவ்வளவே: ஒரு தசையை ஓய்வுறச் செய்யும், ஒரு குழியை நிரப்பும். அந்தச் சிறிய உதவியைச் சிறிய உதவியாக அறிந்து நாடும் பெண்ணை இகழ வேண்டிய அவசியம் இல்லை. அதனிடம் அன்பையும் மதிப்பையும் எதிர்பார்த்துச் செல்லும் பெண்ணைத் தடுத்து நிறுத்தி, என்ன துயரம் என்று கேட்க ஒருவர் வேண்டும். அவ்வாறு கேட்பவர் வைத்தியராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. அவளோடு ஒரே வீட்டில் வாழ்வோர், அவள் முகத்தைப் பற்றிப் பேசுவதைச் சிறிது குறைத்து, அவள் சொல்வதைச் சிறிது கூடுதலாகக் கேட்பாராயின், பல பெண்கள் கண்ணாடியின் முன் நிற்கும் நேரம் தானாகவே குறைந்துவிடும்.